மேலாளர்கள் வந்து போகும்போது வீரருக்கு என்ன ஆகிறது?

ஒரு கால்பந்து கிளப் தன் மேலாளரை ஆண்டின் எந்த நாளிலும் நீக்கலாம். ஞாயிற்றுக்கிழமை தோற்ற அணிக்குத் திங்கட்கிழமை காலையில் வேறொருவர் பயிற்சி அளிப்பதைப் பெரும்பாலான லீக்குகளில் எந்த விதியும் தடுப்பதில்லை. வீரர்களை அப்படி மாற்ற முடியாது. ஆண்டுக்கு இருமுறை திறக்கும் டிரான்ஸ்பர் காலத்தில் மட்டுமே அவர்கள் கிளப் மாறலாம், அதுவும் விற்கும் கிளப்பும் வாங்கும் கிளப்பும் ஒத்துக்கொண்டால்தான். ஆகவே நவம்பர் மாதத்தில் வந்து சேரும் புதிய மேலாளருக்கு, அவர் தேர்ந்தெடுக்காத இருபத்தைந்து பேர் கிடைக்கிறார்கள். அந்த இருபத்தைந்து பேரும் தங்களைத் தேர்ந்தெடுக்காத ஒருவர் முன்னால் போய் நிற்கிறார்கள். மேலாளர் மாற்றத்தைப் பற்றிய பேச்சு எப்போதும் புள்ளிப்பட்டியலைச் சுற்றியே நடக்கிறது. புதியவர் வந்தபின் எத்தனை புள்ளிகள், எத்தனை கோல்கள் என்று எண்ணுகிறோம். ஆனால் மாற்றம் அடிக்கடி நிகழும் கிளப்புகளில் அதற்கான பெரிய விலையைக் கொடுப்பவர்கள் வீரர்கள். அந்த விலை புள்ளிகளாகத் தெரிவதில்லை, அவர்களுடைய பழக்கத்திலும் உடலிலும் தொழில் வாழ்க்கையிலும் கழிகிறது.

பழக்கம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆட்டமுறை என்பதைத் தொலைக்காட்சியில் 4-3-3 அல்லது 3-4-3 என்று, தற்காப்பிலும் நடுக்களத்திலும் முன்களத்திலும் எத்தனை பேர் என்ற எண்களாகக் காட்டுகிறார்கள். களத்தில் இருப்பவருக்கு அது எண் அல்ல, நொடிக்குள் எடுக்க வேண்டிய முடிவு. இடது பின்கள வீரர் ஒருவரைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். எதிரணி விங்கர், அதாவது பக்கவாட்டில் தாக்கி ஆடுபவர், பக்கக்கோட்டருகே பந்தைப் பெறுகிறார். அதே கணத்தில் எதிரணியின் நடுக்கள வீரர் ஒருவர் நம் வீரரின் உள்பக்கத் தோளைக் கடந்து பின்னால் உள்ள காலி இடத்தை நோக்கி ஓடுகிறார். பகுதிவாரியாகக் காக்கச் சொல்லும் மேலாளரிடம் பயின்றவர், ஓடுபவரைத் தன் மையத் தற்காப்பு வீரரிடம் விட்டுவிட்டுப் பந்தை நெருக்குவார். ஆளுக்கு ஆள் பொறுப்பு என்று கற்பிக்கும் மேலாளர், அந்த நடுக்கள வீரரைக் கவனிக்கும் பொறுப்பை இவரிடம் கொடுத்திருந்தால், விங்கரை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே ஓடச் சொல்வார். தாழ்ந்து நின்று காக்க விரும்பும் மூன்றாமவர், இருவரையும் துரத்தாமல் பெனால்டி பெட்டியின் ஓரத்துக்குப் பின்வாங்கச் சொல்வார். மூன்றுமே சரியான விடைகள்தான், மற்ற மூன்று தற்காப்பு வீரர்களும் அதே விடையைச் சொல்லும்வரை.

இந்த முடிவை யோசித்து எடுக்க நேரம் இல்லை. பல மாதப் பயிற்சியில் ஊறிய உடல்தான் அதை எடுக்கிறது. ஒன்றரை ஆண்டுக்குள் மூன்று மேலாளர்களிடம் மூன்று விடைகளைக் கற்ற வீரரின் உடலில் மூன்றும் தங்கிவிடுகின்றன. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று அரை நொடி தடுமாறுகிறார், அந்த அரை நொடியில் பந்து உள்ளே போய்விடுகிறது. மறுநாள் காணொளியில் அம்புக்குறி போட்டுக் காட்டப்படுவது அவருடைய தவறுதான். அந்தத் தவறுக்குப் பின்னால் எத்தனை பேருடைய பாடங்கள் இருக்கின்றன என்பதை எந்த அம்புக்குறியும் காட்டுவதில்லை.

பருவத்தின் நடுவே இந்தப் பழைய பாடத்தை மறக்கவைத்துப் புதியதைக் கற்பிப்பது எவ்வளவு கடினம் என்பது வெளியே பலருக்கும் தெரிவதில்லை. வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடும் அணியில், ஆட்டத்துக்கு மறுநாள் உடலைத் தேற்றுவதற்கு, ஆட்டத்துக்கு முந்தைய நாள் இலேசான பயிற்சிக்கு, இடையில் ஒரு நாள் பயணத்துக்கு என்று போய்விட்டால், முழு வேகத்தில் ஆட்டமுறையைப் பழகும் நாள் ஒன்றுகூட எஞ்சாத வாரங்கள் உண்டு. 2024 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டில் எரிக் டென் ஹாக்கின் இடத்துக்கு ரூபன் அமோரிம் வந்தபோது இதுதான் நடந்தது. நான்கு தற்காப்பு வீரர்களும் அகலமாக விளையாடும் விங்கர்களும் கொண்ட முறைக்காகத் திரட்டப்பட்ட அணியிடம், மூன்று மையத் தற்காப்பு வீரர்களையும், பக்கக்கோட்டோரம் முழுவதும் மேலும் கீழும் ஓடும் இரு விங் பேக்குகளையும் கொண்ட தன் முறையை அவர் கேட்டார். அந்த முறையில் விங்கருக்கென்று இயல்பான இடம் கிடையாது. விங்கர்களான மார்கஸ் ராஷ்போர்டும் ஆண்டனியும் 2025-இன் குளிர்கால டிரான்ஸ்பர் காலத்திலேயே லோனில், அதாவது வேறொரு கிளப்புக்கு இரவலாக, வெளியேறினார்கள். அலெஹாந்திரோ கர்னாச்சோ அதே ஆண்டு ஆகஸ்டில் விற்கப்பட்டார். அணி லீக்கில் 15-ஆம் இடத்தில் முடித்தது. அமோரிமின் முறை தவறு என்று சொல்ல வரவில்லை. லிஸ்பனில் அதே முறையை வைத்துத்தான் அவர் பட்டம் வென்றார். ஒருவர் தேர்ந்தெடுத்த ஆட்களை இன்னொருவரின் முறைக்குள் பருவத்தின் பாதியில் பொருத்த முயன்றதே சிக்கல்.

ஒரே வீரரைத் தொடர்ந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பென் சில்வெல் 2020 கோடையில், பிராங்க் லாம்பார்ட் மேலாளராக இருந்தபோது, லண்டன் கிளப்பான செல்சிக்கு இடது பின்கள வீரராக வந்தார். 2021 ஜனவரியில் லாம்பார்ட் நீக்கப்பட்டு தாமஸ் டூகெல் வந்ததும், மூன்று பேர் தற்காப்பும் விங் பேக்கும் என்று முறை மாறியது. தொடக்கத்தில் மார்கோஸ் அலோன்சோவுக்கே அந்த இடம் கிடைத்தது. சில்வெல் புதிய வேலையைக் கற்று இடத்தைப் பிடித்தார். அந்த மே மாதம் போர்ட்டோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் தொடக்க அணியில் ஆடி வென்றார். நவம்பரில் முழங்கால் தசைநார் கிழிந்து பருவத்தின் பெரும்பகுதி போயிற்று. அவர் திரும்பி வந்த சிறிது காலத்திலேயே, 2022 செப்டம்பரில், டூகெல் நீக்கப்பட்டார். பிறகு கிரகாம் பாட்டர், ஒரே ஓர் ஆட்டத்துக்கு புருனோ சால்டோர், பருவம் முடியும்வரை மீண்டும் லாம்பார்ட். இந்த இடைக்காலத்தில்தான், நிரந்தர மேலாளர் என்று ஒருவரே இல்லாத 2023 ஏப்ரலில், கிளப் சில்வெல்லுடன் 2027 வரை புதிய ஒப்பந்தம் செய்தது. அடுத்து வந்த மவுரிசியோ பொச்செட்டினோவிடம் அவர் துணைக் கேப்டன். அதற்கடுத்த கோடையில் வந்த என்ஸோ மரெஸ்கா, பின்கள வீரர் நடுக்களத்துக்குள் நகர்ந்து ஆடும் தன் முறையில் சில்வெல்லுக்கு இடமில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். 2025 பிப்ரவரி தொடக்கத்தில் சில்வெல் லோனில் கிரிஸ்டல் பேலஸுக்குப் போனார்.

இதில் யாரும் அவருக்கு வஞ்சகம் செய்யவில்லை. ஒவ்வொரு மேலாளரும் தன் அறிவுக்கு எட்டிய நியாயத்தின்படியே முடிவெடுத்தார். ஆனால் நான்கரை ஆண்டுகளில் ஒரு மனிதர் பின்கள வீரர், விங் பேக், நோயாளி, துணைக் கேப்டன், தேவையற்றவர் என்று ஐந்து அடையாளங்களைச் சுமந்ததை நினைத்துப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அவர் தன் தரப்பில் செய்யக்கூடியது எதையும் செய்யாமல் விடவில்லை. ஒவ்வொரு முறையும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார்.

மேலாளர் மாறும்போது வீரர் ஈட்டிவைத்த நம்பிக்கை புதியவருக்குக் கைமாறுவதில்லை. ஒருவருக்கு அது இழப்பு என்றால், பெஞ்சில் இருந்த இன்னொருவருக்கு அதுவே விடுதலை. ரியல் மாட்ரிட்டில் 2018 அக்டோபரில் வந்த சான்டியாகோ சொலாரி, மார்செலோவை ஒதுக்கிவைத்து செர்ஜியோ ரெகிலோனை இடது பின்களத்தில் நிறுத்தினார். 2019 மார்ச்சில் சினெடின் ஜிடான் திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே மார்செலோ, இஸ்கோ, கோல்கீப்பர் கெய்லர் நவாஸ் ஆகிய மூவரும் தொடக்க அணிக்குத் திரும்பினார்கள். ரெகிலோன் அடுத்த பருவத்தில் செவியாவுக்கு லோனில் அனுப்பப்பட்டார். சில மாதங்களுக்குள் இருபத்திரண்டு வயது இளைஞரிடம் மறைந்துவிட்ட திறமை என்று எதுவும் இல்லை. அவரை நம்பியவர் போய்விட்டார், அவ்வளவுதான்.

மாற்றம் சிலரைக் காப்பாற்றியதும் உண்டு. பேயர்ன் மியூனிக்கில் நிகோ கோவாச்சின் கீழ் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாமஸ் முல்லர், 2019 நவம்பரில் ஹான்சி பிளிக் பொறுப்பேற்றதும் அணியின் மையமானார். அந்தப் பருவத்தில் 21 கோல்களுக்குப் பந்து கொடுத்து ஜெர்மன் லீக்கான புண்டஸ்லிகாவில் சாதனை படைத்தார், அணி மூன்று பெரிய பட்டங்களையும் வென்றது. ஆர்சனலில் கிரானிட் ஷாக்கா 2019 அக்டோபரில் சொந்த ரசிகர்களின் கூச்சலுக்கிடையே களத்தைவிட்டு வெளியேறினார். உனாய் எமரி அவரிடமிருந்து கேப்டன் பொறுப்பை எடுத்துக்கொண்டார். கிளப்பைவிட்டுப் போகும் முடிவுக்கே ஷாக்கா வந்துவிட்டிருந்தார். டிசம்பரில் வந்த மிகெல் ஆர்டேட்டா பேசி நிறுத்திவைத்தார். இந்த இரண்டையும் மாற்றத்தின் நன்மைக்குச் சான்றாகக் காட்டுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. பிளிக் வெளியிலிருந்து வந்தவர் அல்ல, கோவாச்சின் உதவியாளராக அதே வீரர்களை மாதக்கணக்கில் பார்த்தவர். ஆர்டேட்டா தன் முதல் இரண்டு பருவங்களிலும் எட்டாம் இடத்தில் முடித்தும் நீக்கப்படவில்லை, ஆகவே ஷாக்காவுக்கு அதே மேலாளரின் கீழ் மூன்றரை ஆண்டுகள் கிடைத்தன. மீட்கப்பட்ட வீரர் மீண்டவராக நிலைக்க வேண்டுமானால், மீட்டவர் போகாமல் இருக்க வேண்டும்.

இளம் வீரர்களின் நிலை இன்னும் கடினமானது. ஒரு பத்தொன்பது வயதுக்காரரை வளர்ப்பது என்றால், அவர் செய்யும் தவறுகளுக்குரிய புள்ளிகளை இன்றே இழந்து, அதன் பலனை இரண்டு ஆண்டு கழித்துப் பெறுவது என்று பொருள். மூன்று மாதத்தில் தன் வேலை இருக்குமா என்று தெரியாத மேலாளருக்கு அந்தக் கணக்கு கட்டுப்படியாகாது. தெரிந்த முப்பது வயதுக்காரரைத்தான் களமிறக்குவார். லோனில் இருப்பவர்களுக்கோ தங்கள் மேலாளரோடு நேரடிப் பழக்கம்கூட இல்லை, தங்களை அனுப்பியவர் நீக்கப்பட்ட செய்தியை அவர்கள் வேறொரு நாட்டின் பயிற்சி மைதானத்தில் கைபேசியில் படித்துத் தெரிந்துகொள்கிறார்கள். கெவின் டி புருய்ன 2012 ஜனவரியில் செல்சியுடன் ஒப்பந்தம் செய்தபோது ஆண்ட்ரே வில்லாஸ் போவாஸ் மேலாளர். மார்ச்சில் அவர் இல்லை. பெல்ஜியத்திலும் பிரெமனிலும் லோனில் ஆடிவிட்டு 2013 கோடையில் டி புருய்ன லண்டனுக்கு வருவதற்குள் ராபர்ட்டோ டி மாட்டியோவும் ரஃபேல் பெனிட்டஸும் வந்து போய்விட்டார்கள், ஜோசே மொரீன்யோ திரும்பி வந்திருந்தார். சில ஆட்டங்களே ஆடக் கிடைத்தன. 2014 ஜனவரியில் வோல்ஃப்ஸ்பர்க்குக்கு விற்கப்பட்டார். பின்னர் மான்செஸ்டர் சிட்டியில் ஒன்பது ஆண்டுகள் பெப் கார்டியோலா என்ற ஒரே மேலாளரின் கீழ் ஆடி ஆறு லீக் பட்டங்களை வென்றார். செல்சியில் ஒருவரே நீடித்திருந்தால் இதெல்லாம் அங்கே நடந்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அவரை ஏன் வாங்கினோம் என்பதை நினைவில் வைத்திருந்த மேலாளர் எவரும் அந்தக் கட்டடத்தில் இருக்கவில்லை.

உடலுக்கு வருவோம். புதிய மேலாளருடன் பெரும்பாலும் அவருடைய உதவியாளர்களும் உடற்பயிற்சி வல்லுநரும் சேர்ந்தே வருகிறார்கள். ஓட்டத்தின் அளவும் வேகமும் ஓய்வின் இடைவெளியும் ஒரே வாரத்தில் மாறுகின்றன. தொடைப் பின்தசைக்கு அந்த மாற்றம் பிடிப்பதில்லை. அதைவிட ஆபத்தானது, புதியவரின் கண்ணில் பட வேண்டும் என்ற ஆசையில் வீரர் தன் வலியை மறைப்பது. பழைய மேலாளரிடம் 'இன்று இழுக்கிறது, பாதிப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்கிறேன்' என்று சொல்ல முடிந்தவர், புதியவரிடம் முதல் வாரத்திலேயே அப்படிச் சொல்லத் தயங்குவார். ஸ்வீடன் மருத்துவர் யான் எக்ஸ்ட்ராண்ட் தலைமையில் 17 நாடுகளின் 36 முன்னணி அணிகளை ஆராய்ந்தவர்கள், தலைமைப் பயிற்சியாளரின் தலைமைப் பாணிக்கும் அணியின் காயங்களுக்கும் தொடர்பு இருப்பதையும், பயிற்சியாளருக்கும் மருத்துவக் குழுவுக்கும் இடையே பேச்சுவார்த்தை குறைந்த அணிகளில் காயச் சுமை கூடுதலாக இருப்பதையும் கண்டார்கள். அந்தப் பேச்சுவார்த்தை ஒரே நாளில் உருவாவதில்லை. ஒவ்வொரு வீரரின் உடலைப் பற்றியும் மருத்துவருக்குத் தெரிந்ததைக் காதுகொடுத்துக் கேட்கும் பழக்கம் மேலாளருக்கு வரவே பல மாதம் ஆகும்.

மாற்றம் வழக்கமாகிவிட்ட கிளப்பில் டிரஸ்ஸிங் ரூமும் ஒரு பாடம் கற்கிறது. 2023 ஜனவரி இறுதியில் என்ஸோ பெர்னாண்டஸ் செல்சியுடன் 2031 வரை நீளும் ஒப்பந்தத்தில் சேர்ந்தார். அப்போதைய மேலாளர் பாட்டர் ஏப்ரல் தொடக்கத்தில் நீக்கப்பட்டார். எட்டரை ஆண்டு ஒப்பந்தம் உள்ளவருக்கும் இரண்டு மாதம்தான் எஞ்சியிருந்த மேலாளருக்கும் இடையில், யார் சொல்லுக்கு எடை என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாட்ஃபோர்டு 2019-20 பருவத்தில் ஹாவி கிராசியா, கீகே சான்செஸ் புளோரெஸ், நைஜல் பியர்சன் என மூவரை நீக்கியது, மூன்றாமவரை இரண்டே ஆட்டங்கள் மீதமிருக்கையில். இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கிலிருந்து கீழிறங்கியது. மீண்டும் மேலேறி வந்த 2021-22 பருவத்திலும் மூன்று மேலாளர்கள், மறுபடியும் கீழிறக்கம். இப்படிப்பட்ட இடத்தில் வீரர் தன் முழு மனத்தையும் எவரிடமும் ஒப்படைக்காமல் இருப்பதைச் சோம்பேறித்தனம் என்றோ விசுவாசமின்மை என்றோ சொல்வது நியாயமாகாது. அடுத்து வருபவர் இதையெல்லாம் மறக்கச் சொல்வார் என்று அனுபவத்தில் கண்டவர் தன்னைக் காத்துக்கொள்கிறார்.

இதற்கு மாறாக, 2012-இலும் 2021-இலும் பருவத்தின் நடுவே மேலாளரை மாற்றிய செல்சிதானே இருமுறையும் ஐரோப்பாவின் உச்சப் பட்டத்தை வென்றது என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. மியூனிக்கில் நடந்த 2012 இறுதிப் போட்டியின் அணியைப் பார்த்தால் விடை கிடைக்கும். பெட்டர் செக்கும் டிடியர் ட்ரோக்பாவும் 2004-இல் வந்தவர்கள், லாம்பார்ட் 2001 முதல் இருப்பவர், ஆஷ்லி கோல் 2006 முதல். மேலாளர்கள் மாறினாலும் இவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள்; அணியின் தொடர்ச்சி மேலாளரின் அறையிலிருந்து வீரர்களின் நடுவே இடம்பெயர்ந்திருந்தது. அந்தத் தூண்கள் இல்லாமல் புதியவர்களைக் கூட்டமாக வாங்கிக் குவித்த 2022-23 பருவத்தில், அதே கிளப் நான்கு மேலாளர்களை மாற்றி மாற்றி நிறுத்தி 12-ஆம் இடத்தில் முடித்தது.

புதிய மேலாளர் வந்ததும் வெற்றிகள் தொடங்குவதாகத் தோன்றுவதற்கும் விளக்கம் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் கிளாடியோ ரனியேரி நீக்கப்பட்டபின் கிரெய்க் ஷேக்ஸ்பியரின் கீழ் லெஸ்டர் சிட்டி தொடர்ந்து ஐந்து லீக் ஆட்டங்களை வென்றது; அக்டோபரில் ஷேக்ஸ்பியரும் நீக்கப்பட்டார். நெதர்லாந்தின் முதல்நிலை லீக்கை ஆராய்ந்த பொருளியலாளர்கள் யான் வான் ஓர்ஸ், மார்ட்டின் வான் டைல் ஆகியோர், மேலாளரை நீக்கிய அணிகளை, அதே அளவு சரிவைச் சந்தித்தும் நீக்காமல் இருந்த அணிகளோடு ஒப்பிட்டார்கள். இரண்டு வகை அணிகளும் ஏறத்தாழ ஒரே மாதிரியாகத்தான் மீண்டன. தன் தரத்துக்குக் கீழே போன அணி பெரும்பாலும் தானாகவே மேலே வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் பொறுப்பில் இருப்பவருக்குப் பெயர் கிடைக்கிறது.

வீரருக்குச் சட்டத்தில் உள்ள வழி மிகக் குறுகியது. ஒரு பருவத்தில் கிளப்பின் அதிகாரபூர்வ ஆட்டங்களில் பத்து சதவீதத்துக்கும் குறைவாகவே ஆடக் கிடைத்த, தொழிலில் நிலைபெற்ற வீரர், அதைக் காரணமாகக் காட்டி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள ஃபிஃபா விதி இடம் தருகிறது. ஆனால் இழப்பீடு கேட்கப்படலாம் என்பதால் இதைத் துணிந்து பயன்படுத்துவோர் அரிது. பிரேசில் 2021-இல் தன் முதல்நிலை லீக்கில் ஒரு கிளப் ஒரு பருவத்தில் ஒரு பயிற்சியாளரை மட்டுமே நீக்கலாம் என்று விதி போட்டுப் பார்த்தது. பரஸ்பர சம்மதத்தோடு பிரிவதாக அறிவித்து கிளப்புகள் அதைச் சுற்றிப் போயின, அடுத்த ஆண்டே விதி கைவிடப்பட்டது. வெளியிலிருந்து போடும் பூட்டு பயன் தரவில்லை.

உள்ளிருந்தே மாற்றத்தைத் தாங்கும்படி கட்டப்பட்ட கிளப்புகள் சில உள்ளன. பிரெண்ட்ஃபோர்டில் வீரர்களை வாங்குவதும் ஆட்டமுறையை வகுப்பதும் மேலாளர் ஒருவரை மட்டும் நம்பி நடப்பதில்லை. 2018 அக்டோபரில் டீன் ஸ்மித் போனபோது அவருடைய உதவியாளர் தாமஸ் பிராங்கை அந்த இடத்தில் அமர்த்தினார்கள். முதல் பத்து ஆட்டங்களில் எட்டில் தோற்றார். நீக்கவில்லை. 2021-இல் அதே பிராங்க் அணியைப் பிரீமியர் லீக்குக்குக் கொண்டுபோனார். 2025 கோடையில் அவர் டாட்டன்ஹாமுக்குச் சென்றதும், அதுவரை கார்னர், ஃப்ரீ கிக் போன்றவற்றுக்குப் பயிற்சி அளித்துவந்த கீத் ஆண்ட்ரூஸ் மேலாளரானார். அவர் பொறுப்பேற்ற நாளில் அந்த அணியின் தற்காப்பு வீரர்களுக்குக் கார்னரின்போது யார் எங்கே நிற்க வேண்டும் என்பது ஏற்கனவே தெரியும், அதைக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.